ஒரு நூல் உயரம்

கொடைக்கானல் பஜாரில் குழந்தைவேலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஒருத்தனைப் பிடிக்காமல் போக அவனிடம் ஒரு கெட்ட குணமாவது இருந்தால் நமக்கு எவ்வளவு வசதி. இவனிடம் தேடித் தேடிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. என் கடைக்கு நேர் எதிரே ஐந்து வருசம் ரேடியோ ரிப்பேர் பார்த்தான். அந்த ஐந்து வருசமும் நான் வயிறெரிந்துகொண்டுதான் மெத்தை தைத்தேன்.

அவனைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் என்னைச் சொல்ல வேண்டும். என் பெயர் ஜமால் முகம்மது. பஞ்சு கொட்டி மெத்தை, தலையணை, ரஜாய் தைப்பது எங்கள் குடும்பத் தொழில். பஞ்சு கொட்டுகிற வில்லில் ஆட்டுக்குடல் நரம்பைத்தான் கட்டுவோம். குடலை வாங்கி வழித்து, ஊறவைத்து, முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் நரம்பு தயார். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள். நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஐம்பத்தேழாம் வருசம் சவரிமுத்து மாஸ்டர் என் கடைக்குள் வந்தார். ஏரிப்பக்கம் ஒரு ஹோட்டலில் சீசனுக்கு சீசன் பேண்டு வைத்து நடத்துகிறவர், பியானோ வாசிப்பவர். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த நேரம் அது. ஹோட்டலில் ஆளுயரத்துக்கு ஒரு பெரிய பிடில் இருந்தது. பாஸ் என்பார்கள். நிறுத்திவைத்து விரலால் தட்டி வாசிப்பது. அதன் நாலு தந்தியில் மூன்று அறுந்து கிடந்தன. என் வில் போடுகிற 'டொய்ங்' சத்தத்தைத் தெருவில் கேட்டுவிட்டு, அதே நரம்பு தடிமனாகக் கிடைக்குமா என்று கேட்டார். முறுக்கிக் கொடுத்தேன். அடித்தந்திக்கு மட்டும் நரம்பின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றினேன். வாசித்துக்கொண்டிருந்தவர் அடுத்த வருசம் பெங்களூருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் விரல் கொப்புளித்தது. என் விரல்கள் ஏற்கெனவே காய்த்தவை. நானே வாசிக்கிறேன் என்றேன்.

அப்படித்தான் மேடை ஏறினேன். சித்திரை, வைகாசி இரண்டே மாதம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, பின்வரிசையில் நின்ற நிலையில் பாஸ். ஆட வந்தவர்களின் கால்கள் என் விரலுக்குத்தான் கட்டுப்பட்டன. அது அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மற்ற பத்து மாதமும் நான் மெத்தைக்காரப் பாய். அந்த இரண்டு மாதம் மட்டும் பாஸ் ஜமால். அந்தப் பெயரை எவனுக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இன்னும் பச்சையாகச் சொன்னால், அந்த இடத்தைத் தவிர எனக்கென்று வேறு எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

குழந்தைவேல் பழனிக்காரன். அடிவாரத்தில் அவன் அப்பா பஞ்சாமிர்தம் போடுகிறவர். சின்ன வயசில் மலைவாழைப்பழத்தைப் பிசைந்து பிசைந்து பதமான கை என்று அவனே சொல்வான். மதுரையில் ரேடியோ வேலை கற்றுக்கொண்டு ஐம்பத்தொன்பதில் மலை ஏறினான். எஸ்டேட் பங்களாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ரேடியோ நிறைய இருந்ததால் பிழைப்புக்குக் குறைவில்லை. எனக்கு எட்டு வயசு இளையவன்.

அவன் கடை திறந்த மூன்றாம் மாதம் நடந்தது இது. நான் பஞ்சு கொட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு ரேடியோவைப் பிரித்துவைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தாமலே என்னைக் கூப்பிட்டான்.

"பாய், அந்த நரம்பு இன்னைக்கு அந்துரும். சத்தம் ஒடைஞ்சு வருது, பாத்துக்கங்க."

நான் சிரித்தேன். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். மாலை அசர் தொழுகைக்கு முன்னால் நரம்பு அறுந்து என் புறங்கையைக் கிழித்தது. அவன் ஓடிவந்து துணி கட்டிவிட்டான். சொன்னது பலித்துவிட்டது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பேன். பேசாததால் அது உள்ளேயே கிடந்து புளித்தது. இருபது அடி அகலத் தெருவைத் தாண்டி என் நரம்பின் சத்தம் எனக்குக் கேட்பதைவிட அவனுக்கு நன்றாகக் கேட்கிறது. இதை எந்தத் தொழிலாளியால் பொறுக்க முடியும்?

அறுபத்துமூன்றில் ஹோட்டல்காரர்கள் ஆடுகிற ஹாலை இடித்துப் பெரிதாக்கினார்கள். கிட்டாருக்கு மின்சாரம் வந்துவிட்டது. என் பாஸ் அந்த இரைச்சலில் காணாமல் போனது. பாஸுக்கும் மின்சாரம் வைக்கவேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். யாரிடம் போவார்? எதிர்க்கடைக்குத்தான்.

கார்த்திகை மாதம் பிடில் அவன் கடைக்கு வந்தது. செத்துப்போன லவுட்ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து, மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றி, தந்தி அதிர்வைக் கரண்டாக்குகிற பிக்கப் ஒன்று செய்தான். தந்திகளுக்கு அடியில் பொருத்தி ஆம்ப்ளிபயரில் மாட்டினான். நான் என் நரம்புகளைத் தட்டினேன். ஆம்ப்ளிபயர் வாயைத் திறக்கவில்லை. ஓங்கித் தட்டினேன். கும் என்ற கரண்டுச் சத்தம் மட்டும்தான். செம்பு சுற்றிய தந்திக்கும் அதே கதி. காந்தத்துக்கு இரும்பு அசைந்தால்தான் தெரியும் என்றும், குடலோ செம்போ அதற்குக் காற்று மாதிரி என்றும் அவன் விளக்கினான். என் மனம் நோகக் கூடாது என்று எவ்வளவு மெதுவாகச் சொன்னான் தெரியுமா? அந்த மெதுதான் எனக்கு ஆகவில்லை.

மாஸ்டர் பம்பாய்க்கு எழுதினார். கப்பல் பேண்டுக்காரர்களிடம் பழக்கமுள்ள யாரோ இரண்டு வகை இரும்புத் தந்தி அனுப்பினார்கள். ஒன்று உருண்டைக் கம்பி சுற்றியது, சொரசொரப்பு. இன்னொன்று தட்டை நாடா சுற்றியது, வழுவழுப்பு. சொரசொரப்பு கணீரென்று பேசியது. எனக்கும் மாஸ்டருக்கும் அதுதான் பிடித்தது. குழந்தைவேல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, மூன்று நாள் கேட்டுவிட்டுத் தட்டை நாடாதான் வேண்டும் என்றான். விரல் நகரும்போது வருகிற கீச்சை மெசின் பத்து மடங்காக்கும், ஹாலில் அது பல்லைக் கூசவைக்கும் என்றான். வாசித்துக் காட்டியபோது உண்மைதான் என்று எங்களுக்கே தெரிந்தது. ஆறு சீசன் வாசித்தவன் நான். தந்தியைத் தேர்ந்தெடுத்தது அவன்.

அதோடு விட்டானா? கழுத்து முனையில் நரம்பு உட்கார வெட்டிய அகலக் காடிப் பள்ளங்களில் மெல்லிய இரும்பு ஆடும் என்று அவற்றை எலும்புத் தூளும் பசையும் வைத்து அடைத்து, புதிதாக அறுத்தான். சோதிக்கச் சோதிக்க வாசிக்கவும் வந்துவிட்டது. நரம்பில் பழகிய என் கை தந்தியை இழுத்து விடும். இரும்பில் அது தொம் தொம் என்று கதவைத் தட்டுகிற மாதிரி விழுந்தது. அவன் சும்மா தொடுவான், தேன் மாதிரி வரும். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். பங்குனிக் கடைசியில் ஒத்திகை, இரண்டு பேரும் வாசியுங்கள், யார் கையில் நன்றாகப் பேசுகிறதோ அவர் இந்த சீசன் நிற்கட்டும் என்றார். பாய் இருக்கையில் நான் எதற்கு என்று குழந்தைவேல் மறுத்தான். எனக்காக அவன் விட்டுக்கொடுக்கப் பார்த்ததில் எனக்கு இன்னும் எரிந்தது.

இங்கேதான் குதிரை வருகிறது. தந்திகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். பிடிலின் மேல்பலகை மீது அது நிற்கும். மூடுபனிக் காலத்தில் மேல்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும். குதிரையும் உயரும், தந்திகளும் எழும்பும். ஈரம் வற்றினால் பலகை அமுங்கி, தந்தி இறங்கி, விரல் வைக்கிற பலகையில் உரசும். அதனால் நான் ஒரே பிடிலுக்கு இரண்டு குதிரை வைத்திருந்தேன். பனிக்குக் குட்டை, சீசனுக்கு நெட்டை. சீசனில் ஹாலில் கணப்பு மூட்டுவார்கள், விறகுச் சூட்டில் பலகை அப்பளமாகக் காயும். நெட்டையும் குட்டையும் எதற்கு என்று மாஸ்டருக்கே தெரியாது. அது என் தொழில் ரகசியம்.

குழந்தைவேல் மார்கழிப் பனியில், கதவைத் திறந்துபோட்ட கடையில் வைத்துப் புதுக் குதிரையை அளந்து இழைத்தான். கைக்கு இதமாக நன்றாகத் தாழ்த்தினான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இந்த ஒசரம் போதுமா பாய்? நீங்க சொன்னாச் சரி."

நான் தந்தியை அழுத்திப் பார்த்தேன். "கைக்குச் சொகமா இருக்கு," என்றேன்.

அது பொய் இல்லை. அன்றைக்குச் சுகமாகத்தான் இருந்தது. பங்குனியில் என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சும்மா இருந்தேன் என்று இதோடு நிறுத்தினால் பாதி நல்லவனாகத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் சும்மாவும் இருக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்க அவன் பழனிக்கு இறங்கினான். பிடிலைக் கணப்பு மூட்டிய ஹோட்டல் ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அங்கே போய் அளவெடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து, பலாக்கட்டையில், இரும்புத் தந்திக்கு ஏற்ற மெல்லிய காடிகளோடு ஒரு குதிரை இழைத்தேன். அவனுடையதைவிட ஒரு நூல் உயரம். நூல் என்பது ஆசாரிகள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. புதுசு என்று தெரியாமலிருக்கத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தேன். என் மனைவி அமீருன்னிசா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். யாருக்கு இது என்று கேட்டாள். எனக்கு என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒத்திகைக்கு முந்தின நாள்தான் குழந்தைவேல் மொட்டைத் தலையோடு மலை ஏறினான். எல்லோருக்கும் திருநீறும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்தான். எங்கள் வீட்டுக்கு என்று தனியாக ஒரு சீப்பு மலைப்பழம்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒத்திகை. முதலில் அவனை நிற்கச் சொன்னார் மாஸ்டர். விரலை வைத்தான். தகர டப்பாவுக்குள் குளவி அடைபட்ட மாதிரி ஒரு சத்தம் ஹால் முழுக்கப் பரவியது. ஆம்ப்ளிபயர் அதை ஊருக்கே சொன்னது. டிரம் அடிக்கிறவன் சிரித்துவிட்டான். குழந்தைவேல் நிறுத்தினான். தலையைச் சாய்த்து, ஒற்றைத் தந்தியை மெல்லத் தொட்டுக் கேட்டான்.

"தந்தி எங்கயோ ஒரசுதுங்க மாஸ்டர்," என்றான்.

ஒரே தடவைதான் கேட்டான். சரியாகச் சொல்லிவிட்டான். இன்னும் ஒரு நிமிசம் விட்டால் குதிரை வரைக்கும் வந்துவிடுவான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஆறு சீசன் வாசித்தவன் ஆயிற்றே.

"தந்தியெல்லாம் ஒரசலை," என்றேன். "ஒன் மெசின்தான் இரையுது. அது ஒனக்குத் தந்தி மாதிரி கேக்குது. காதைச் சரியாக் குடுத்துக் கேளு."

அவன் என்னைப் பார்த்தான். என்னைச் சந்தேகப்பட்ட பார்வை இல்லை அது. தன்னைத்தானே சந்தேகப்பட்ட பார்வை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள் என்று பழமொழி. இவன் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தும் தன் காலைக் குறை சொன்னான். பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தரையில் உட்கார்ந்து ஆம்ப்ளிபயரைப் பிரித்தான். சுருதி சேர்க்கிறேன் என்று நான் பிடிலைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனேன். தந்திகளைத் தளர்த்தி, அவன் குதிரையை எடுத்துக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, என்னுடையதை நிறுத்தினேன்.

திரும்பி வந்து வாசித்தேன். சுத்தமாகப் பேசியது. மெசின் கோளாறைக் குழந்தைவேல் சரிசெய்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தான் எதையும் சரிசெய்யவில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும். கழற்றிய முதல் திருகாணி இன்னும் அவன் கையிலேயே இருந்தது. தந்தி உரசியதாகக் கேட்டது, இப்போது உரசவில்லை. அப்படியானால் கேட்ட காதுதான் தப்பு என்று அவன் முடிவு கட்டுவதை நான் கண்ணால் பார்த்தேன். தன் மெசின் சத்தத்துக்கும் தந்திச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் பாஸுக்கு எப்படி என்று மாஸ்டர் பியானோப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த சீசன் நான்தான் நின்றேன். அவன் மேடைக்குக் கீழே ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தான். ஜெயித்த பிறகாவது பொறாமை தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை. தட்டை நாடாத் தந்தியின் ஒவ்வொரு சுரத்திலும் அவன் காது இருந்தது. பாராட்டினவர்கள் கைகுலுக்கியது என்னோடு. அது யாருக்குச் சேரவேண்டியது என்று எனக்குத் தெரியும்.

கடையில் அவன் வேலை கெட்டது. சரியான ரேடியோவைத் திரும்பத் திரும்பப் பிரித்தான். இரைகிறதா, இரையவில்லையா என்று போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேட்டான். என்னிடமும் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான். வாங்கிப்போக வந்தவர்கள் காத்திருந்து சலித்து, வேறு இடம் பார்த்தார்கள். ஐப்பசியில் கடையைக் காலி செய்யப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் அமீருன்னிசா என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க செஞ்சது எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிருங்க. எடத்தத்தான் புடுங்கினீங்க, காதையுமா புடுங்கணும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவன் வெள்ளனே முதல் பஸ்ஸில் போய்விட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் மூன்று சீசன் நின்றேன். அப்புறம் மாஸ்டர் மகளோடு இருக்கத் திருச்சிக்குப் போனார், பேண்டு கலைந்தது. ஹோட்டலில் இசைத்தட்டு போட ஆரம்பித்தார்கள். நான் பன்னிரண்டு மாதமும் மெத்தைக்காரப் பாய் ஆனேன்.

அறுபத்தொன்பதில் பஞ்சு விலை பேசப் பழனிக்கு இறங்கியபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் அவன் கடையைக் கண்டேன். தாண்டிப் போயிருக்கலாம். அவன் பார்த்துவிட்டான். எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தான். முன்பலகையில் அவன் மனைவி வள்ளி ஒரு ரேடியோவைக் காதோடு வைத்து உட்கார்ந்திருந்தாள். கொடைக்கானலில் பாஸ் வாசிக்கிறவர் என்று அவளுக்கு என்னைப் பெருமையாகச் சொன்னான். பேண்டு கலைந்தது அவனுக்குத் தெரியவில்லை.

அவள் எதற்கு ரேடியோவைக் காதில் வைத்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"சோலியெல்லாம் நான் பாத்துருவேங்க. கடைசியா இரைச்சல் இருக்கா இல்லையான்னு இவதான் கேட்டுச் சொல்லணும். எனக்குக் காது பத்தாதுங்க பாய். அன்னைக்கு ஒத்திகையில நீங்கதான கண்டுபுடிச்சீங்க."

குத்திக் காட்டவில்லை. குத்தத் தெரிந்தவனாக இருந்தால் நான் தப்பித்திருப்பேன். நன்றி சொன்னான். ஐந்து வருசமாக ஒருத்தன் தன் காதை நம்பாமல் பெண்டாட்டி காதை வைத்துத் தொழில் செய்கிறான், அதற்கு எனக்கு நன்றி சொல்கிறான்.

சொல்லிவிட்டேன். பனியில் பலகை உப்புவது, கணப்புச் சூட்டில் அமுங்குவது, இரண்டு குதிரை வைத்திருந்தது, தேயிலைச் சாயம், பக்கத்து அறை, எல்லாவற்றையும் சொன்னேன். தந்தி உரசியது நிஜம், நீ கேட்டது சரி, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். வள்ளி என்னைப் பார்த்த பார்வையை எழுதவேண்டாம்.

குழந்தைவேல் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எவ்வளவு ஒசரம் கூட வச்சீங்க?" என்று கேட்டான்.

"ஒரு நூல்."

பெருவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிப் பிடித்து அந்த இடைவெளியைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் வள்ளியின் கையிலிருந்து ரேடியோவை வாங்கினான். சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் அவள் கொடுத்தாள். அவன் காதோடு வைத்து, கண்ணை மூடி, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் காவடிக்காரர்கள் மேளத்தோடு போனார்கள். அவன் அசையவில்லை.

"பாட்டுக்கு அடியில ஒரு சின்ன இரைச்சல் இருக்கு," என்றான். "கேக்குதா பாய்?"

ரேடியோவை என் காதில் வைத்தான். நான் மூச்சை அடக்கிக் கேட்டேன். பாட்டுத்தான் இருந்தது. எவ்வளவு உற்றுக் கேட்டும் அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்திலும், அல்லா மன்னிக்கட்டும், எனக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை," என்றேன்.

அவன் ரேடியோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு திருப்புளியை எடுத்தான்.

"எனக்குக் கேக்குது," என்றான்.